கூவத்துக்கு அக்கரையில் ரோமாபுரி வெள்ளி

கூவம் நதி மூன்று புறமும் வளைந்து செல்லும் சிந்தாதிரிப்பேட்டையைச் சென்னைவாசிகள் இன்று மீன் அங்காடியைக் கொண்டும் பறக்கும் ரயில் நிலையத்தைக் கொண்டும் அடையாளம் சொல்வார்களே ஒழிய, அந்தப் பேட்டை பிறந்ததே வெள்ளிக்கும் துணிக்கும் நடந்த பரிவர்த்தனையின் பொருட்டு என்பதை நினைவுகூர்வோர் சிலரே. ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராக இருந்தபோது, 1734-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வர்த்தகராக இருந்து அப்பதவியை இழந்துவிட்ட சுங்குராமனுடைய விஸ்தாரமான தோட்டத்தில், நூற்போரையும் நெய்வோரையும் சாயமிடுவோரையும் வெளுப்போரையும் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியேற்றி, மேல்நாட்டுக் கப்பல்களுக்கு வேண்டிய துணி ஓரிடத்திலேயே தயாராகட்டும் என்று கம்பெனியார் ஏற்படுத்திய தறிக்காரர் குடியிருப்பு அது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1742-இல், சென்னையின் இரண்டாவது அக்கசாலையும் அங்கேயே ஏற்பட்டது. 1792-இல் அது கோட்டைக்குள் மாற்றப்படும் வரையில் அரை நூற்றாண்டுக் காலம் சிந்தாதிரிப்பேட்டையில் தறியின் ஓசையோடு காசடிக்கும் ஓசையும் கேட்டது.

அந்தப் பேட்டையிலிருந்து நதியைக் கடந்து எழும்பூருக்குப் போனால், பாந்தியன் சாலையில் அரசாங்க மியூசியம் இருக்கிறது. 1851-இல் கல்லூரிச் சாலைக் கட்டடம் ஒன்றில் தொடங்கி, 1854-இல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்த அந்த நிலையத்தின் நாணயச் செல்வத்தில், தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே எடுத்த ரோமாபுரி வெள்ளிக் காசுகள் ஏராளமாக உண்டு. ஏறக்குறைய அரைப் பவுன் எடையும், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வட்டமும் உள்ள அந்தக் காசுக்குத் தினாரியஸ் என்று பெயர். கொங்கு நாட்டுப் பானைகளிலிருந்து வந்த இந்தத் தினாரியஸ்களை அள்ளி எடுத்து முகம் முகமாகப் பிரித்து வைத்தால், ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். ரோமாபுரியார் தம் வெள்ளியில் பொறித்த சித்திரங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. தேவதைகள், தேர்கள், காளைகள், முதலைகள், கோயில்கள், வெற்றி மாலைகள் என்று அவற்றுக்கு ஓர் எல்லையே இல்லை. நம் நாட்டில் கிடைப்பவையோ பெரும்பாலும் இரண்டே சித்திரங்கள். அந்த இரண்டையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் காசு. ஒரு புறத்தில் வாகை மாலை சூடிய அவருடைய தலை வலப்புறம் நோக்கி இருக்கிறது. சுற்றிலும் அவர் தெய்வமாகிவிட்ட சீசரின் புதல்வர், தேசத்தின் தந்தை என்று லத்தீன் எழுத்துக்கள் அறிவிக்கின்றன. மறுபுறத்தில் நீண்ட அங்கி போர்த்த இரண்டு இளைஞர்கள் நம்மை நேராக நோக்கி நிற்கிறார்கள். இருவருக்கும் இடையே இரண்டு வட்டக் கேடயங்கள், அவற்றின் பின்னே இரண்டு ஈட்டிகள், தலைக்கு மேலே வேள்விக்குரிய ஒரு சிறு அகப்பையும் நிமித்தம் பார்ப்போர் கையில் ஏந்தும் வளைந்த கோலும். இளைஞர்கள் காயஸ், லூசியஸ் என்ற சகோதரர்கள். அகஸ்டஸின் மகள் ஜூலியாவுக்கும் தளபதி அக்ரிப்பாவுக்கும் பிறந்த பேரப்பிள்ளைகள். தமக்கு ஆண் சந்ததி இல்லாத சக்கரவர்த்தி, அவ்விருவரையும் கிறிஸ்துவுக்கு முன் 17-ஆம் ஆண்டில் தத்து எடுத்துக்கொண்டு, தமக்குப் பின் சாம்ராஜ்யத்தை ஆளப் போகிறவர்கள் இவர்களே என்று உலகுக்கு அறிவிக்கும் பொருட்டு, கிறிஸ்துவுக்கு முன் 2-ஆம் ஆண்டு முதல் இந்தக் காசை அடிக்கச் செய்தார். காயஸ் புரோகித சபையில் அமர்ந்தவர், ஆகையால் அகப்பை. லூசியஸ் நிமித்திகர் சபையில் அமர்ந்தவர், ஆகையால் வளைகோல். இன்று பிரெஞ்சு தேசத்தில் லியோன் என்று வழங்கும் லுக்துனம் நகரத்து அக்கசாலையில் இக்காசு கோடிக்கணக்கில் அச்சாகி வந்த சமயத்திலேயே, கி.பி. 2-இல் லூசியஸ் தம் பத்தொன்பதாவது வயதுக்குள் மார்செய் நகரத்தில் மாண்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் காயஸும் ஆர்மீனியப் போரில் பட்ட காயத்தினால் மாண்டார். ஒரு பாட்டனாரின் ஆசை முழுவதும் இப்படி மண்ணாகிவிட்ட பின்னும், கேடயத்தில் கை வைத்து நிற்கும் அந்த இரு பிள்ளைகளின் உருவம் காசில் அழியாமல் நின்று, கப்பலேறி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, நொய்யல் கரையில் பானைக்குள் புதைந்து, பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்துக் கலப்பைக் கொழுவில் தட்டுப்பட்டது. நாணய சரித்திரத்தில் இதைக்காட்டிலும் நெஞ்சை உருக்கும் சித்திரம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, அகஸ்டஸுக்குப் பின் கி.பி. 14 முதல் 37 வரையில் ஆண்ட டைபீரியஸின் காசு. முன்புறத்தில் அவருடைய தலை. பின்புறத்தில் ஆசனத்தில் அமர்ந்து, ஒரு கையில் செங்கோலும் மறு கையில் மரக்கிளையும் ஏந்திய ஒரு ஸ்திரீயின் உருவம். சுற்றிலும் மகா புரோகிதர் என்ற பட்டம். அந்த ஸ்திரீ சாந்தி தேவதை என்றும், அத்தேவதையின் சாயலில் சக்கரவர்த்தியின் தாயார் லிவியாவே அமர்ந்திருக்கிறார் என்றும் அறிஞர்கள் சொல்வார்கள். டைபீரியஸ் தம் ஆட்சிக் காலம் முழுவதும் வெள்ளியில் ஏறக்குறைய இந்த ஒரே சித்திரத்தை விடாமல் அடித்து வந்தார். பரிசேயர் கொண்டுவந்து காட்டிய வரிப்பணத்தைக் கையில் வாங்கி, அதில் இருப்பது யாருடைய சொரூபம் என்று இயேசுநாதர் கேட்டாரே, அந்தக் காசு இதுதான் என்பது நெடுங்காலமாக வழங்கி வரும் கருத்து. தமிழ் வேதாகமத்தில் சீசருக்கு இராயன் என்று பெயர். தமிழ் அகராதி செய்து 1862-இல் வெளியிட்ட மைரன் வின்ஸ்லோ போதகர் ஊழியம் செய்த சிந்தாதிரிப்பேட்டைச் சீயோன் ஆலயத்தில் அந்த அதிகாரத்தைக் கேட்டிருக்கும் சபையார், இராயனுடைய அந்தக் காசு கூவத்தின் மறுகரையிலேயே இருக்கிறது என்பதை அறிந்தால் வியப்படைவார்கள்.

இந்த வெள்ளி இங்கே வந்த வழி தெளிவானது. தென்மேற்குப் பருவக் காற்றை நம்பிச் செங்கடல் வாயிலிலிருந்து நேரே அரபிக் கடலைக் கடக்கும் உபாயம் கைவந்த பின், எகிப்துத் துறைமுகங்களிலிருந்து யவனக் கப்பல்கள் ஆண்டுதோறும் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு வந்தன. அவை எதை ஏற்றிவந்தன என்று, பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த ‘எரித்திரைக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற நூல் விவரிக்கும்போது, சரக்குகளுக்கெல்லாம் முன்னதாக ஏராளமான நாணயத்தைக் குறிப்பிடுகிறது. அக்கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு திரும்பிய காட்சியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டுகிறார். முசிறியில் இறங்கிய காசு அங்கேயே தங்கிவிடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்து, நொய்யலை ஒட்டிச் சென்று, சேரர் தலைநகரமாகிய கரூரையும் அதற்கப்பால் காவிரிக் கரையையும் அடைந்தது. காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் கிடைத்த பச்சைக்கல்லை ரோமாபுரிச் சீமாட்டிகள் பெரிதும் விரும்பினார்கள். கொடுமணலில் அந்தக் கல்லைப் பட்டை தீட்டித் துளையிட்டு மணியாக்கிய தொழிற்கூடங்களின் சின்னங்களை அகழ்வாராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். ஆகவேதான் தினாரியஸ் புதையல்கள் கடற்கரையைவிடக் கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, கரூர் ஆகிய உள்நாட்டு ஊர்களைச் சுற்றியே மிகுதியாகக் கிடைக்கின்றன. 1800-இல் பொள்ளாச்சியில் ஒரு பானை. 1842-இல் கோயமுத்தூருக்கு அருகே வெள்ளலூரில் 500-க்கும் மேற்பட்ட காசுகள். அதே ஊரில் 1891-இலும் 1931-இலும் மறுபடியும். உடுமலைப்பேட்டை வட்டத்துப் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். இந்தியா ஆண்டுதோறும் நம்மிடமிருந்து ஐந்து கோடி செஸ்டெர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறதே என்று பிளினி என்ற ரோமாபுரிப் புலவர் அந்நாளில் வருந்தி எழுதினார். நாலு செஸ்டெர்ஸ் ஒரு தினாரியஸ் ஆகையால், அது ஒன்றேகால் கோடி தினாரியஸுக்குச் சமம்.

பிறகு ஏன் இரண்டே சித்திரங்கள்? டைபீரியஸுக்குப் பின்னும் எத்தனையோ சக்கரவர்த்திகள் வந்தார்கள்; வர்த்தகமும் நின்றுவிடவில்லை. காரணம் எடையிலும் மாற்றிலும் இருக்கிறது. அகஸ்டஸ் காலத்தில் ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 தினாரியஸ் அடித்தார்கள். அது கலப்படமற்ற வெள்ளி என்றே சொல்லலாம். கி.பி. 64-இல் நீரோ ஓர் இறாத்தலுக்கு 96 என்று எடையைக் குறைத்ததோடு செம்பையும் கூடுதலாகக் கலந்தார். சொந்த நாட்டில் சட்டத்தின் பலத்தால் அந்தக் காசு செல்லும். முசிறியில் சக்கரவர்த்தியின் சட்டத்துக்கு என்ன அதிகாரம்? தமிழ் வணிகன் தராசை எடுத்தான், உரைத்துப் பார்த்தான், புதுக் காசை ஒதுக்கினான். நீரோவுக்குப் பிந்திய வெள்ளி நம் நாட்டில் அருகிப்போக, யவனர்கள் பிற்பாடு பொன்னையே பெரிதும் கொண்டுவர நேர்ந்தது. ஏட்டில் எழுதிவைக்காத இந்தத் தீர்ப்பு, பானைக்குள் புதைத்த காசுகளின் வாயிலாகவே நமக்குத் தெரிய வருகிறது. அந்நாளையத் தமிழர் வர்த்தக அறிவுக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டியதில்லை.

எடையை மதிக்கும் இதே உணர்ச்சியை இலங்கையிலும் காண்கிறோம். கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகை எடுத்திருந்த ஆனியஸ் புளோகாமஸ் என்பவருடைய ஆள் ஒருவன், அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகையில் புயலில் அகப்பட்டு இலங்கைக் கரையில் ஒதுங்கி, ஆறு மாதம் அங்கே தங்கிப் பாஷையைக் கற்றுக்கொண்டு அரசனோடு பேசினான் என்று பிளினி எழுதுகிறார். அவனிடமிருந்த தினாரியஸ்களை அரசன் வாங்கிப் பார்த்தபோது, அவற்றின் மேல் வெவ்வேறு மனிதர்களின் முகங்கள் இருந்தும் எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்ததாம். பல அரசர்கள் மாறியும் நேர்மை மாறாத அந்த ஜனங்களின் சிநேகத்தை நாட வேண்டும் என்று கருதி அரசன் ரோமாபுரிக்கு நால்வர் அடங்கிய தூதுக் குழுவை அனுப்பினானாம். முகத்தைப் பார்த்து, உடனே முகத்தைக் கடந்து எடையைப் பார்த்த அந்த அரசனுடைய கண் தென்னாட்டாருக்குப் பொதுவான கண் என்று சொல்லலாம்.

அதற்குப் பழக்கமும் ஒரு காரணம். யவனர் வருவதற்கு முன்பே இந்நாட்டில் வெள்ளிக் காசு வழங்கியது. சூரியன், குன்று, யானை, மரம் என்று சிறு சிறு சின்னங்களைத் தனித்தனி முத்திரையாகக் குத்திய தகட்டுக் காசு அது. அதில் அரசனுடைய முகமும் இல்லை, பெயரும் இல்லை, சின்னமே அத்தாட்சி. அந்தக் காசோடு பழகிய வணிகனுக்கு, அகஸ்டஸின் தலையும் இரண்டு இளவரசர்களின் நிற்கும் கோலமும் மற்றுமொரு முத்திரையாகவே பட்டிருக்கும். நம் சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு: மாம்பலத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான முத்திரைக் காசுகளின் நடுவே அகஸ்டஸின் தினாரியஸ் ஒன்றும் கலந்திருந்தது. ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் நெருங்கி நிற்கும் இன்றைய தியாகராய நகரைச் சூழ்ந்த அந்தப் பூமியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு தேசத்து வெள்ளியும் ஒரே முடிப்பில் இருந்திருக்கின்றன.

முத்திரை நம்பிக்கைக்கு உரியதானால் போலியும் தோன்றும். அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளைப் பார்த்து இந்நாட்டிலேயே செய்த பிரதிகள் பல கிடைத்திருக்கின்றன. அவற்றில் முகம் ஓரளவு சரியாக அமைந்திருக்கும், லத்தீன் எழுத்துக்கள் மட்டும் அர்த்தமற்ற கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சிதைந்திருக்கும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத கம்மியன், உருவத்தின் ஒரு பகுதியாகவே எழுத்தையும் எண்ணிச் செதுக்கியிருக்கிறான். வேறு சிலர் காசுக்குக் காது வைத்தும் துளையிட்டும் கழுத்தில் அணிந்தார்கள். காசுமாலை அணியும் நம் பெண்களின் வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதை இதைக்கொண்டு உணரலாம். பொற்காசுகளில் நேர்ந்தது இன்னும் விசித்திரமானது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 ரோமாபுரிப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில், சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு வெட்டியிருக்கிறது. இனி இது காசாக வழங்கலாகாது, உலோகமாக மட்டுமே மதிக்கத்தக்கது என்று காட்டவே அப்படிச் செய்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் முகத்தைக் காசில் பொறிப்பது என்ற எண்ணமே தமிழ்நாட்டில் வேர்விடாமல் போகவில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துக் காசு பொறுக்குவோர் கையிலிருந்து வெளிவந்த சில வெள்ளிக் காசுகளை, நாணய ஆராய்ச்சியில் ஈடுபட்ட பத்திரிகாசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றில் ஓர் அரசனுடைய தலை பக்கவாட்டில் இருக்கிறது. தலைக்கு மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘மாக்கோதை’ என்ற பெயர். அதே வகையில் ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர் பொறித்த காசும் கிடைத்தது. சேர வேந்தர்கள் வில்லையும் யானையையும் சதுரச் செம்புக் காசுகளில் பொறித்துவந்த வழக்கத்தை விட்டு, வட்ட வெள்ளியில் தம் முகத்தையும் பெயரையும் பொறிக்கத் துணிந்ததற்கு, தம் தலைநகரத்துக் கடைவீதியில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய டைபீரியஸின் முகமே தூண்டுகோல் என்பதில் ஐயமில்லை. லத்தீன் எழுத்தைப் படிக்காமல் பிரதி செய்த கம்மியனுக்கும், அதன் இடத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதச் சொன்ன அரசனுக்கும் உள்ள தூரம் பெரிது. இரவல் வாங்கிய கலை சொந்தமாகும் நேரம் அது. இந்தச் சரித்திரம் முழுவதிலும் நான் மிகுந்த பெருமிதத்தோடு படிக்கும் பகுதி இதுவே.

பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின் சிந்தாதிரிப்பேட்டையிலும் அதே வர்த்தகம் வேறு உருவத்தில் நடந்தது. மெக்ஸிகோ, பெரு தேசத்துச் சுரங்கங்களில் எடுத்த வெள்ளியை ஸ்பானியக் காசாகவும் பாளமாகவும் ஐரோப்பியக் கப்பல்கள் சென்னைக்குக் கொண்டுவந்து கொட்டின. நம் நெசவாளர் கைத்திறனுக்கு ஈடாகக் கொடுக்க அவர்களிடம் அதைத் தவிர வேறு சரக்கு அதிகம் இருக்கவில்லை. தம் அரசருடைய முகத்தைக் காட்டினால் இங்கே செல்லாது என்பதை அறிந்த கம்பெனியார், சென்னை அக்கசாலைகளில் அந்த வெள்ளியை உருக்கி, மொகலாய பாதுஷாவின் பெயரைப் பார்சி எழுத்தில் பொறித்து ஆற்காட்டு ரூபாயாக அடித்தார்கள். பொன்னில் விஷ்ணுவின் திருவுருவத்தைப் பொறித்து வராகன் அடித்தார்கள். இரண்டாம் ஆலம்கீர் பாதுஷா 1759-இலேயே கொலையுண்டு மாண்டார். அவருடைய ஆறாவது ஆட்சியாண்டைத் தாங்கிய ஆற்காட்டு ரூபாய் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் சென்னையில் அச்சாகிக்கொண்டே இருந்தது. காயஸும் லூசியஸும் இறந்த பின்னும் நொய்யல் கரையில் அவர்கள் உருவம் செல்லுபடியானதைப் போலவே, இறந்த பாதுஷாவின் பெயரும் கூவக் கரையில் செல்லுபடியாயிற்று. வாங்குவோன் யார் என்பதைப் பொறுத்தே முத்திரை அமைகிறது என்பதை ரோமாபுரி வணிகரும் அறிந்திருந்தார்கள், லண்டன் வணிகரும் அறிந்திருந்தார்கள். இரு காலத்திலும் அவர்களை அதற்கு இணங்க வைத்தது தமிழ்நாட்டின் விளைபொருளும் தமிழ்த் தொழிலாளியின் கையுமே.

இவ்வளவையும் நாம் அறிய முடிந்தது, உருக்குக் குகைக்குத் தப்பிய காசுகளால். தப்பாதவை எத்தனை! 1878-இல் கரூரில் சுமார் 500 தினாரியஸ்கள் அடங்கிய பானை ஒன்று கிடைத்தது; தேய்ந்தவை என்று பெரும்பகுதியை உருக்கிவிட்டு, ஒரு பகுதியை மட்டுமே மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதே 1878-இல்தான் இந்தியப் புதையல் சட்டமும் பிறந்தது. அதன் பின் மியூசியத்துக்கு வந்து சேர்ந்த காசுகளை எட்கர் தர்ஸ்டன் பட்டியல் செய்தார். ரோமாபுரி, பைசாந்தியக் காசுகளுக்கென்றே டி. ஜி. அரவமுதன் தயாரித்த விரிவான அட்டவணை 1942-இல் வெளிவந்தது. இன்றும் அமராவதி மணலிலும் கொங்கு நாட்டுக் கொல்லைகளிலும் காசு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவற்றில் பல, எங்கே கிடைத்தன, எவற்றோடு கிடைத்தன என்ற விவரத்தை இழந்து வியாபாரிகளின் பைக்குள் போய்விடுகின்றன. கிடைத்த இடத்தை இழந்த காசு தன் சரித்திரத்தில் பாதியை இழந்த காசு. பூமியில் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் விதி. கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ இப்படி ஒரு காசு யாருக்கேனும் தட்டுப்பட்டால், புளியிட்டுத் துலக்காமல், உடன் கிடைத்த ஓட்டையும் மணியையும் எறிந்துவிடாமல், கிடைத்தபடியே கலெக்டர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்று தமிழ் மக்களை இரு கை கூப்பி வேண்டிக்கொள்கிறேன்.